உங்கள் கணவர் என்றே எழுதுகிறேன்

தெலுக் இந்தான்
18 பிப்ரவரி 2024, ஞாயிறு

ஷர்மினி அக்காவுக்கு,

என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழிக்கத்தான் தோன்றும். அதனால்தான் வீட்டுக்கு அனுப்பாமல் செமோரில் உங்கள் தையல் கடைக்கு அனுப்புகிறேன். துணி தைக்க வந்தவர்கள் முன்னால் கிழிக்க மாட்டீர்கள். கொஞ்ச நேரம் மேசைமேல் கிடக்கும். அந்தக் கொஞ்ச நேரம் எனக்குப் போதும்.

என் நம்பரை நீங்கள் தடுத்து வைத்திருப்பது நியாயம். இப்போது எனக்கு நம்பரே கிடையாது. போன வாரம் போனைக் கிளினிக்கில் கூட வேலை செய்யும் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டேன். ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நவம்பரில் புந்தோங் சபையில், பாஸ்டர் அறையில், உங்கள் முன்னால் நானும் உங்கள் கணவரும் முழங்காலில் நின்று அழுதோம். முடிந்தது என்றோம். நான் பொய் சொல்லவில்லை அக்கா. அன்று அது உண்மைதான். ஜனவரியில் ஈப்போவையே விட்டு இங்கே வந்தேன். பல் கிளினிக்கில் வேலை கிடைத்தது. ஊருக்கு வெளியே, முன்பு ரப்பர் இருந்து இப்போது செம்பனையாகிவிட்ட தோட்டத்தில், வீரம்மாக்கா என்பவர் வீட்டில் ஓர் அறை. அவர் பசாரில் காய்கறி விற்கிறார். ஐந்து வாரம் நன்றாக இருந்தேன். நன்றாக இருக்கிறேன் என்று சபையில் சாட்சிகூடச் சொன்னேன்.

பத்தாம் தேதி, சீனப் பெருநாள் அன்று, உங்கள் கணவர் போன் செய்தார். என் புது நம்பர் எப்படிக் கிடைத்தது என்று நான் கேட்கவில்லை. கேட்டால் கோபப்பட வேண்டியிருக்கும். கோபப்பட எனக்கு மனமில்லை. நாற்பது நிமிடம் பேசினேன்.

முன்பு அவரை அண்ணன் என்று கூப்பிட்டேன். அந்த வார்த்தையைக் கெடுத்துவிட்டேன். பெயரை எழுதினால் கை சுகப்படுகிறது. அதனால் உங்கள் கணவர் என்றே எழுதுகிறேன். எழுதும்போதாவது உறைக்கட்டும்.

பாஸ்டரிடம் சொல்லலாம். அவர் ஜெபிப்பார், நான் அழுவேன், பாரம் இறங்கிவிடும். இறங்கியதும் மறுபடி போவேன். இரண்டு தடவை அப்படித்தான் நடந்தது. எனக்குப் பாரம் இறங்க வேண்டாம். நான் பயப்படுகிற ஒரே ஆளிடம் சொல்ல வேண்டும். அது நீங்கள்தான். இனி ஒவ்வொரு தடவையும் உங்களிடம் சொல்லிவிடுவேன் என்று தெரிந்தால் நான் நின்றுவிடுவேனோ என்னவோ.

கேட்கக் கூடாததைக் கேட்கிறேன். எனக்குக் காவலாக இருப்பீர்களா?

கலாதேவி


செமோர்
27 பிப்ரவரி 2024

கலாதேவிக்கு,

ஸ்தோத்திரம் என்று ஆரம்பிக்கக் கை வரவில்லை. அதனால் ஆரம்பிக்கவில்லை.

கடிதம் வந்தபோது ஒரு கல்யாணப் பெண்ணுக்கு ரவிக்கை அளவு எடுத்துக்கொண்டிருந்தேன். நீ நினைத்தது சரிதான், கிழிக்கவில்லை. என்னை அவ்வளவு தெரிந்து வைத்திருக்கிறாய். தெரிந்து வைத்துக்கொண்டுதான் என் வீட்டுக்குள் கை விட்டாய்.

உனக்கு நான் காவலா? ஒருவருக்குக் காவல் இருந்தே என் கண் பூத்துவிட்டது. சட்டையை மோந்து பார்க்கிறேன். கார் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று குறித்து வைக்கிறேன். குளிக்கப் போனால் போனைத் தேடுகிறேன். இப்போது நீயும் வரிசையில் வந்து நிற்கிறாய்.

உன் புருஷன் சுரேன் மோட்டார் விபத்தில் செத்தபோது நீ எழுந்து உட்காரவே இல்லை. நாற்பது நாள் வந்தேன். உன்னைக் குளிப்பாட்டினேன், தலை வாரினேன், சோறு பிசைந்து ஊட்டினேன். அந்தக் கையால் உன்னை அறைய வேண்டும் என்று நவம்பரிலிருந்து நினைக்கிறேன். ஜெபிக்க உட்கார்ந்தாலும் அதுதான் வருகிறது.

என் கணவர் விக்னேஸ்வரன் வெள்ளிக்கிழமை தோறும் உபவாசம் இருக்கிறார். ஆராதனையில் மூன்று மாதம் கித்தார் வாசிக்கக் கூடாது என்று சபையில் சொன்னதற்கும் தலையாட்டினார். நீ சொல்வதை நான் நம்பவில்லை. இனி எழுதாதே.

பத்தாம் தேதி எத்தனை மணிக்கு? அன்று கார் கழுவிட்டு வாரேன் என்று போனார். நேரத்தை மட்டும் எழுது. வேறு எதுவும் வேண்டாம்.

ஷர்மினி


தெலுக் இந்தான்
5 மார்ச் 2024

ஷர்மினி அக்காவுக்கு,

இரண்டு பத்திலிருந்து இரண்டு ஐம்பது வரை.

என்ன பேசினோம் என்று எழுத மாட்டேன். உங்களிடம் மறைக்க அல்ல. எழுதினால் இன்னொரு தடவை பேசியதுபோல் எனக்கு இனிக்கும். அந்த இனிப்புக்குத்தான் பயப்படுகிறேன்.

சோதனை என்றால் திடீரென்று வந்து அடித்துவிட்டுப் போகிற ஒன்று என்று நினைத்திருந்தேன். எனக்கு அது ஷிப்டுக்கு வருகிற ஆள்போல நேரத்துக்கு வருகிறது. சனிக்கிழமை ஒரு மணிக்குக் கிளினிக் மூடிவிடும். வீட்டுக்கு வந்து சாப்பிட்டுத் தட்டைக் கழுவி வைத்தால் மணி இரண்டு. வீரம்மாக்கா பசாரிலிருந்து திரும்ப ஐந்தாகும். சுற்றிலும் செம்பனை, ஒரு சத்தம் கிடையாது. அப்போது அது வந்து பக்கத்தில் உட்காருகிறது. கெட்டதாக ஒன்றும் சொல்லாது. சும்மா ஒரு தடவை குரல் கேட்டால் என்ன என்று மட்டும் சொல்லும்.

ஆண்டவர் சிலுவைக்கு முந்தின இரவு தோட்டத்தில் வியர்வை சிந்தி ஜெபித்தபோது சீடர்கள் தூங்கினார்களே, முன்பு புந்தோங்கில் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லும்போது அவர்கள்மேல் எனக்குக் கோபம் வரும். ஒரு மணி நேரம்தானே கேட்டார் என்பேன். இப்போது அந்த ஒரு மணி நேரத்தின் நீளம் எனக்குத் தெரிகிறது. நான் ஜெபித்து ஆமென் சொல்லிக் கண்ணைத் திறக்கும் முன்பே கை போனைத் தேடுகிறது. போன் இல்லை என்பது கைக்கு இன்னும் தெரியவில்லை.

சனிக்கிழமை இரண்டு மணிக்கு உங்களுக்கு எழுத விடுங்கள். நீங்கள் படிக்காவிட்டாலும் பரவாயில்லை.

கலாதேவி


செமோர்
16 மார்ச் 2024

கலாதேவிக்கு,

நேற்று அவர் வேலை முடிந்து வந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். கேட்டேன்.

"பத்தாம் தேதி கார் கழுவ எவ்ளோ நேரம் ஆச்சு?"

"இப்ப ஏன் அத கேக்குற?"

"சும்மாதான் கேக்குறேன்லா."

"கூட்டமா இருந்துச்சு. ஒரு மணி நேரம் ஆயிருக்கும்."

"சீனப் பெருநாளன்னைக்கு எந்தக் கடை தொறந்திருந்துச்சு?"

மகள் கௌசிகாமேல் சத்தியம் செய்யப் போனார். வாயைப் பொத்தினேன். "ரெண்டு பத்துலேருந்து ரெண்டு அம்பது வரைக்கும்" என்றேன். கையிலிருந்த கப்பை வைத்துவிட்டார். "அவளே சொன்னாளா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியில் கோபம் இல்லை கலாதேவி. ஆசை இருந்தது. உன்னைப் பற்றி ஒரு சேதி கிடைத்த ஆசை. பதினெட்டு வருடம் கூட வாழ்ந்தவளுக்கு அது தெரியாதா?

ஆக, நீ சொன்னது உண்மை. உன்னை நம்ப வேண்டிய நிலைமைக்கு என்னைக் கொண்டுவந்து விட்டாய்.

இப்போது நான் ஒன்று சொல்கிறேன். நவம்பரில் அவர் போனிலிருந்து உங்கள் இருவருடைய மெசேஜ்களைப் படம் எடுத்து வைத்தேன். மொத்தம் அறுபத்தொன்று. அழித்துவிட்டேன் என்று பாஸ்டரிடம் சொன்னது பொய். தினமும் படிக்கிறேன். கடையைத் திறந்து, விளக்குப் போட்டு, மெஷினில் உட்காருமுன் படிக்கிறேன். படித்தால் அன்று முழுவதும் நெஞ்சு எரியும். எரியும் என்று தெரிந்தேதான் படிக்கிறேன். அங்கே உன் புதுச் சபை பாஸ்டர் சதாசிவத்தின் மனைவி சரோஜாதேவியின் நம்பர் என்னிடம் இருக்கிறது. மூன்று தடவை எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து அனுப்பப் போய் நிறுத்தியிருக்கிறேன்.

சனிக்கிழமை எழுது. உண்மையை மட்டும் எழுது. ஒரு பொய் சொன்னாலும் அனுப்பிவிடுவேன். காவல் கேட்டாயே, என்னால் முடிந்த காவல் இதுதான்.

ஷர்மினி


தெலுக் இந்தான்
6 ஏப்ரல் 2024, சனி

ஷர்மினி அக்காவுக்கு,

இதற்கு முன் அனுப்பிய இரண்டு கடிதத்திலும் ஒரே வரிதான் எழுதினேன், விழவில்லை என்று. இன்று அப்படி எழுத முடியாது.

வீரம்மாக்காவுக்கு முதுகு வலி, பசாருக்குப் போகவில்லை. ஆள் இருக்கும்போது பயமில்லை என்று நினைத்தேன். பயமில்லை என்று நினைத்ததுதான் தப்பு. அவர் போன் மேசைமேல் இருந்தது. "கொஞ்சம் போன் பண்ணிக்கிறேன்க்கா" என்றேன். "பண்ணிக்கோ" என்றார். நம்பரை நான் மறந்துவிட்டதாகத்தான் நினைத்திருந்தேன். விரல் மறக்கவில்லை. ஒரு ரிங் போனது. வைத்துவிட்டேன்.

"யாருக்குலா? ஒரு ரிங்குல வச்சிட்ட" என்றார் வீரம்மாக்கா.

"தெரிஞ்சவங்கக்கா. வேலையா இருப்பாங்க."

"அதுக்கு ஏன் இப்புடி மொகத்த திருப்புற?"

அறைக்குள் வந்து இதை எழுதுகிறேன். பேசவில்லை. ஆனால் ஒரு ரிங் போனது. அது உங்களுக்குத் தெரிய வேண்டும்.

இன்னொன்று. ஞாயிறு பள்ளி எடுக்கச் சொல்லி சரோஜாதேவி அக்கா கேட்கிறார். இரண்டு தடவை மறுத்துவிட்டேன். "உங்கள மாதிரி அமைதியானவங்கதான் வேணும் சிஸ்டர்" என்கிறார். எனக்குள் நடப்பது அவருக்குத் தெரிந்தால் பிள்ளைகளை என் பக்கத்திலேயே விட மாட்டார். மூன்றாவது தடவை கேட்டால் சரி என்று சொல்லிவிடுவேன் என்று தோன்றுகிறது. நல்லவள் என்று யாராவது சொல்வதைக் கேட்டு வெகுநாளாகிறது.

கலாதேவி


செமோர்
17 ஏப்ரல் 2024

கலாதேவிக்கு,

உன் ஒரு ரிங் போதுமாக இருந்திருக்கிறது. ஒரு வாரமாக அவர் குளிக்கும்போது பாடுகிறார். நவம்பருக்குப் பிறகு இந்த வீட்டில் அவர் பாடியதே இல்லை. வரும் சனிக்கிழமை ஓவர்டைம் என்கிறார். அவர் வேலை செய்யும் தொழிற்சாலையில் ஓவர்டைமை நிறுத்தி ஒரு வருடம் ஆகிறது.

நான் ஒன்றும் கேட்கவில்லை. உனக்குத்தான் எழுதுகிறேன். கதவைத் திறக்காதே.

ஷர்மினி


தெலுக் இந்தான்
28 ஏப்ரல் 2024

ஷர்மினி அக்காவுக்கு,

உங்கள் கடிதம் திங்கட்கிழமைதான் என் கைக்கு வந்தது. அவர் சனிக்கிழமையே வந்துவிட்டார்.

அந்த ஒரு ரிங்கைப் பார்த்து அவர் திரும்ப அழைத்திருக்கிறார். கிளினிக் ஆள் என்று நினைத்து வீரம்மாக்கா வழி சொல்லியிருக்கிறார். எனக்கு அது தெரியாது. தெரிந்திருந்தால் ஓடியிருப்பேனா? ஓடியிருப்பேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. உண்மையை மட்டும் எழுதச் சொன்னீர்கள். எனக்குத் தெரியவில்லை.

இரண்டு மணிக்குக் கார் சத்தம். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கட்டம்போட்ட சட்டை, மடிப்புக் கலையாத இஸ்திரி. வாசலில் நின்றுகொண்டு, "தண்ணி மட்டும் குடிச்சிட்டுப் போயிடுறேன் கலா" என்றார். தண்ணீர் கேட்பவருக்கு இல்லை என்று சொல்லலாமா என்று எனக்குள் ஒரு நியாயம் எழுந்தது. அந்த நியாயத்தை நான்தான் தேடி எடுத்தேன். கதவைத் திறந்தேன்.

விழுந்தேன் அக்கா. வேறு வார்த்தை தேட மாட்டேன்.

நாலு மணிக்குப் போனார். போகும்போது அழுதார். நானும் அழுதேன். எங்கள் அழுகையின்மேல் எனக்கு இப்போது துளியும் நம்பிக்கை இல்லை. அது ஒன்றையும் நிறுத்தியதில்லை.

மறுநாள் இந்தச் சபை ஞாயிறு பள்ளியில் என் முதல் வகுப்பு. மூன்றாவது தடவை கேட்டபோது சரி என்று சொல்லியிருந்தேன். ஒன்பது பிள்ளைகள். பாட்டுச் சொல்லிக் கொடுத்தேன். ஒரு பெண் குழந்தை வந்து என் மடியில் உட்கார்ந்தாள். எழுந்திரு என்று சொல்லவும் முடியவில்லை, கையை அவள்மேல் வைக்கவும் முடியவில்லை.

எட்டு நாள் எழுதாமல் இருந்தேன். சொல்லாவிட்டால் நடக்காததுபோல் ஆகிவிடும் என்று எட்டு நாளும் உள்ளே ஒன்று சொன்னது. இன்று சொல்லிவிட்டேன். என்ன செய்தாலும் செய்யுங்கள்.

கலாதேவி


செமோர்
4 மே 2024

அனுப்பிவிட்டேன்.

நேற்று காலை பதினோரு மணிக்கு. அறுபத்தொன்றும். சரோஜாதேவி திறந்து பார்த்துவிட்டார் என்று போனில் தெரிந்தது. பதில் எதுவும் வரவில்லை.

எனக்கு இனி எழுதாதே.

ஷர்மினி


செமோர்
19 மே 2024

கலா,

இரண்டு வாரமாக உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. எழுதாதே என்றது நான்தான். ஆனாலும் தபால்காரர் வரும்போது எழுந்து வாசலுக்குப் போகிறேன்.

வீரம்மாவின் நம்பரை அவர் போனிலிருந்து எடுத்து நேற்று அழைத்தேன். உன் அக்கா என்றேன். அவர் சொன்னதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. "அந்தப் பொண்ணு வேலைக்கும் போறதில்ல, சாப்பிடறதும் இல்லம்மா. ஆத்துப் பக்கம் போயி நின்னுட்டு வருது. நாலு நாளா நானும் பசாரு போவாம பின்னாலயே சுத்துறேன். நீங்க சொந்தக்காரங்கதானே, வந்து பாருங்க" என்றார். உன்னைக் கூப்பிடச் சொன்னேன். நீ வர மாட்டேன் என்றதும் எனக்குக் கேட்டது.

அதனால் எழுதுகிறேன். படி.

நீ விழுந்ததற்காக நான் அனுப்பவில்லை. அதை நானே நம்பிக்கொண்டிருந்தேன், அது பொய். ஏப்ரல் இருபதாம் தேதி காலை அவர் எங்கே போகிறார் என்று எனக்குத் தெரியும். கார் சாவியை எடுத்து ஒளித்து வைத்திருக்கலாம். பாஸ்டருக்கு ஒரு போன் செய்திருக்கலாம். கௌசிகாவை அவரோடு அனுப்பியிருக்கலாம். பதினாறு வயதுப் பெண் காரில் இருந்தால் எங்கே போக முடியும்? எதையும் செய்யவில்லை. அந்தக் கட்டம்போட்ட சட்டைக்கு இஸ்திரி போட்டுக் கொடுத்தது நான். கழுத்துப் பட்டைக்கு இரண்டு தடவை போட்டேன். நீ திறக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன் கலா. திறந்தால் அனுப்பலாமே. நவம்பரிலிருந்து அந்த ஒரு காரணத்துக்குத்தான் காத்திருந்தேன்.

கதவைத் திறக்காதே என்று உனக்கு எழுதியது உண்மைதான். தபாலில் போட்டால் சனிக்கிழமைக்குள் வராது என்பதும் எனக்குத் தெரியும்.

அனுப்பியதும் நெஞ்சு ஆறும் என்று நினைத்தேன். ஒரு பத்து நிமிடம் ஆறியது. பிறகு கையில் வேலை எடுத்தேன், தையல் ஓடவில்லை. மறுநாள் படங்களை மறுபடி திறந்து படித்தேன். அனுப்பிய பிறகும் படிக்கிறேன். இன்று காலை ஆராதனைக்குப் போகுமுன் படித்தேன். நீ சனிக்கிழமை என்றாய். எனக்குத் தினமும் சனிக்கிழமை. உன்னைப் பார்த்து விழுந்தவள், விழுந்தவள் என்று சொல்லிக்கொண்டே நான் எங்கே கிடக்கிறேன் என்று பார்க்கவில்லை. ஏழு மாதமாக உன்னை வெறுக்காமல் ஒரு நாளும் தூங்கியதில்லை. அதை நான் பாவம் என்று எண்ணியதே இல்லை. என் உரிமை என்று எண்ணினேன்.

நான் அனுப்பியதை அவரிடம் சொன்னேன். மேசையில் ஓங்கி அடித்தார். "என் பேரு என்னாகும்னு யோசிச்சியா?" என்றார். உன் பெயரைச் சொல்லவில்லை. அவருக்காக நாம் இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு பக்கம் செத்துக்கொண்டிருக்கிறோம்.

ஆற்றுப் பக்கம் போகாதே. இது மன்னிப்பு இல்லை, அது என்னிடம் இன்னும் வரவில்லை, வந்ததாக நடிக்கவும் மாட்டேன். ஆனால் நீ செத்தால் நான் கொலைகாரி. அதைவிட, நீ செத்தால் இதையெல்லாம் சொல்ல எனக்கு வேறு யாரும் இல்லை.

ஒரு வரி எழுது.

ஷர்மினி


தெலுக் இந்தான்
1 ஜூன் 2024, சனி

ஷர்மினி அக்காவுக்கு,

உயிரோடு இருக்கிறேன். ஒரு வரி கேட்டீர்கள், அதுதான் அந்த வரி. மற்றதையும் எழுதுகிறேன்.

படங்கள் போன அன்று மாலையே பாஸ்டர் சதாசிவமும் அவர் மனைவியும் வந்தார்கள். கத்தவில்லை. "இது நீங்கதானா சிஸ்டர்?" என்று மட்டும் கேட்டார். நான்தான் என்றேன். ஏப்ரலில் நடந்ததையும் நானே சொன்னேன், அது படத்தில் இல்லை. சரோஜாதேவி அக்கா எழுந்து வெளியே போய்விட்டார். அடுத்த ஞாயிறு பின் வரிசையில் உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்தவர் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு நான் போகவில்லை.

ஆற்றுக்குப் போனது உண்மைதான். குதிக்கப் போனேனா என்று கேட்டால் பதில் தெரியவில்லை. நின்றேன். இனி காப்பாற்ற என்ன இருக்கிறது என்று நினைத்தேன். பெயர் போய்விட்டது, சபை போய்விட்டது. பேசாமல் அவரிடமே போய்விடலாம், அவராவது கலா என்று கூப்பிடுவார் என்று தோன்றியது. மே இருபத்துமூன்றாம் தேதி பையில் துணியெல்லாம் எடுத்து வைத்தேன். வீரம்மாக்கா பார்த்துக்கொண்டே நின்றார். "போறதுன்னா போ. சோறு வடிச்சிட்டேன், சாப்ட்டு போ" என்றார். சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது உங்கள் கடிதம் வந்தது.

இஸ்திரி போட்டுக் கொடுத்தேன் என்று எழுதியிருந்தீர்களே, அந்த வரியில் நின்றுவிட்டேன். எனக்குக் கோபம் வர வேண்டும். வந்தது. கையை உதறிவிட்டு எழுந்து போனேன். திரும்ப வந்து மறுபடி படித்தேன். இத்தனை மாதமாக நல்லவர்களுக்கு நடுவில் நான் ஒருத்தி மட்டும் இப்படி என்று நினைத்துக் கிடந்தேன் அக்கா. அந்த வரியைப் படித்தபோது முதல் தடவையாக என் பக்கத்தில் ஓர் ஆள் இருந்தது. பையிலிருந்து துணிகளை எடுத்து வைத்தேன். திங்கட்கிழமை வேலைக்குப் போனேன்.

இன்று அவர் வந்தார்.

ஒன்றே முக்காலுக்குக் கார் சத்தம். வீரம்மாக்கா பசாரில். நான் முன் கதவுத் தாழ்ப்பாளைப் போட்டுக் கதவோடு முதுகைச் சாய்த்துச் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்தேன். இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்தேன். வெளியே இருந்தால் அவை என் பேச்சைக் கேட்காது.

"கலா. நான்தான்."

பேசவில்லை.

"வீட்ட விட்டு வந்துட்டேன். எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு. இனிமே மறைக்கறதுக்கு ஒண்ணும் இல்ல. தொற."

பேசவில்லை. பேசினால் திறந்துவிடுவேன்.

"உள்ளதான் இருக்க. மூச்சு கேக்குது. அழுறியா?"

அழுதேன். ஜெபிக்கத் தெரியவில்லை. நல்ல வார்த்தை ஒன்றும் வரவில்லை. ஆண்டவரே, ஆண்டவரே என்று மட்டும் வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் கதவில் நெற்றியை வைத்துக்கொண்டார்போல. மரத்தின் அந்தப் பக்கம் அவர் சூடு எனக்குத் தெரிந்ததுபோல் இருந்தது. எவ்வளவு நேரம் என்று அப்போது தெரியவில்லை, பிறகுதான் மணி பார்த்தேன். கால் மரத்துப் போனது. பிறகு காலடிச் சத்தம். கார் கதவு. கார் கிளம்பியது.

இங்கேயே முடித்தால் நன்றாக இருக்கும். முடிக்க முடியாது. கார் கிளம்பிய சத்தம் கேட்டதும் நான் தாழ்ப்பாளைத் திறந்துவிட்டேன் அக்கா. செருப்புக்கூடப் போடாமல் ரோடு வரை ஓடினேன். நில்லுங்கள் என்று கத்தினேனா என்றுகூடத் தெரியவில்லை, தொண்டை வலிக்கிறது. கார் செம்பனைக்குள் திரும்பிவிட்டது. அவர் கண்ணாடியில் பார்த்திருந்தால் இந்தக் கடிதம் வேறு மாதிரி இருந்திருக்கும்.

இதை ஜெயம் என்று யாரிடமும் சொல்ல மாட்டேன். ஒரு மணி நேரம் கதவைத் திறக்கவில்லை. அவ்வளவுதான் என்னிடம் இருக்கிறது. அவர் மறுபடி வருவார். அடுத்த சனிக்கிழமை என்னால் முடியாது. உள்ளே எதுவும் மிச்சமில்லை. என்ன செய்வது என்று தெரியவில்லை.

கலாதேவி


செமோர்
6 ஜூன் 2024, வியாழன்

கலா,

இதை விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். நாளைக்குள் வந்துவிடும் என்று கவுண்டரில் இரண்டு தடவை கேட்டுக்கொண்டேன்.

அவர் தானாக வீட்டை விட்டு வரவில்லை. நான் போகச் சொன்னேன். சுங்கை சிப்புட்டில் அவர் அண்ணன் வீட்டில் இருக்கிறார். நீ ரோடு வரை ஓடியதை அவரிடம் சொல்ல மாட்டேன். யாரிடமும் சொல்ல மாட்டேன். அந்த இடத்தைப் படித்தபோது உன்மேல் எனக்குக் கொலைவெறி வந்தது. கடையை அரை மணி நேரம் சாத்திவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தேன். பிறகு, இதை நீ எழுதாமல் விட்டிருக்கலாமே, எனக்கு எப்படித் தெரிந்திருக்கும் என்று நினைத்தேன். எழுதியிருக்கிறாய். அப்போது கொஞ்சம் இறங்கியது.

சரோஜாதேவிக்கு நேற்று போன் செய்தேன். அந்தப் படங்களை எந்த மனதோடு அனுப்பினேன் என்று சொன்னேன். முழுவதையும் கேட்டுக்கொண்டார். பிறகு உன்னை வந்து பார்ப்பதாகச் சொன்னார். வருவாரா, தெரியாது. வந்தால் உட்காரச் சொல்.

என் போனில் அந்த அறுபத்தொன்றும் இன்னும் இருக்கின்றன. அழிக்கப் போகிறேன், கை வருவதில்லை. நீயே அழி. நான் பக்கத்தில் இருந்து பார்க்கிறேன். நான் பிடுங்கினாலும் கொடுக்காதே.

சனிக்கிழமை கடையைச் சாத்திவிட்டு ஈப்போவிலிருந்து பதினோரு மணி பஸ்ஸில் வாரேன். கௌசிகா என் தங்கை வீட்டில் இருப்பாள். நீ கிளினிக்கிலிருந்து நேரே வீட்டுக்கு வா. சமைத்து வை, பேச வேண்டாம். என் காலில் விழாதே, எனக்கு அது பிடிக்காது. நான் உன்னை மன்னிப்பேனா என்று அங்கே வைத்துக் கேட்காதே. வீரம்மா பசாரிலிருந்து வரும்வரை உன்னோடு உட்கார்ந்திருப்பேன். அதற்கடுத்த சனிக்கிழமைக்கு என்ன என்று எனக்கும் தெரியவில்லை. இந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன்.

வந்து கதவைத் தட்டும்போது பெயரைச் சொல்லுவேன். என் குரல்தான் என்று நன்றாகத் தெரிந்த பிறகு திற.

ஷர்மினி